ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்குப் பல் பிடுங்கலாமா?

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 66 வயது. 7 மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். 15 வருடமாகச் சர்க்கரை, பிபியும் உண்டு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், மெட்டோபுரோலால், கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்த சர்க்கரை மாத்திரை என்று தினமும் ஒரு கைப்பிடி மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது வலது கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகி, இரண்டு மாதத்தில் இரண்டு தடவை கன்னம் வீங்கிவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்தோம். வடிந்தது, மறுபடி வந்தது. இங்குள்ள பல் டாக்டர், இதய டாக்டரிடம் கடிதம் வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டார். சித்தப்பாவோ, ரத்தம் உறையாத மாத்திரையை 5 நாள் நிறுத்திவிட்டுப் பிடுங்கிவிடலாம், தனக்கு அப்படித்தான் செய்தார்கள் என்கிறார். பல வருடம் முன்பு பல் பிடுங்கப் போனபோது அப்பா நாற்காலியிலேயே மயங்கிவிட்டார். அந்தப் பயத்தில் இப்போது வரவே மறுக்கிறார். நாற்காலியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வார்கள்? பிடுங்காமல் மாத்திரையிலேயே ஓட்டிவிட முடியாதா?

— ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். சித்தப்பா சொன்னதைக் கேட்டு ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரலையோ ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், படிப்பதை இங்கேயே விட்டுவிட்டு இதய டாக்டருக்குப் போன் செய்யுங்கள். நிறுத்தவில்லை என்றால் தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஸ்டென்ட் என்பது இதய ரத்தக் குழாய்க்குள் விரித்து வைத்த மெல்லிய உலோக வலை. குழாயின் உள்தோல் மெதுவாக வளர்ந்து அந்த வலையை மூட வேண்டும். அதற்குப் பல மாதம் ஆகும். மூடும்வரை ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள்தான். அதன்மேல் உறைந்து படியவே பார்க்கும். அதைத் தடுத்துக்கொண்டிருப்பவைதான் இந்த இரண்டு மாத்திரைகளும். மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக ஒரு வருடம் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள். நடுவில் நிறுத்தி, ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்துவிட்டால் அது இன்னொரு மாரடைப்பு. அதில் பிழைக்காமல் போனவர்கள் உண்டு. பல் குழியில் கசியும் ரத்தம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கசிகிறது, விரல் வைத்து அழுத்தலாம், தையல் போடலாம். ஸ்டென்டுக்குள் உறையும் ரத்தம் யார் கைக்கும் எட்டாது.

சித்தப்பாவைக் குறை சொல்லவில்லை. நாங்கள் படித்த காலத்தில் எங்களுக்கும் நிறுத்தச் சொல்லித்தான் கற்றுக்கொடுத்தார்கள். அவர் வெறும் ஆஸ்பிரின் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கலாம், ஸ்டென்ட் இல்லாதவராகவும் இருக்கலாம். 2007-லேயே அமெரிக்க இதயச் சங்கமும் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து, பல் வேலைக்காக இந்த மாத்திரைகளை நிறுத்த வேண்டாம் என்று எச்சரித்துவிட்டன. அப்படியும் 'எதற்கும் 5 நாள் நிறுத்திடுங்க' என்ற பேச்சு நம் ஊர்களில் இன்னும் ஓயவில்லை.

மாத்திரையை நிறுத்தாமல் பிடுங்கினால் ரத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் கசியும். அதற்கு எங்களிடம் வழி இருக்கிறது. ஒரே நாளில் நாலு பல்லை எடுக்காமல் ஒன்றோடு நிறுத்திக்கொள்வோம். குழிக்குள் தானே கரைந்துபோகும் பஞ்சு வைத்து, மேலே தையல் போடுவோம். டிரானெக்சாமிக் ஆசிட் மருந்தில் நனைத்த துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்வோம். அரை மணி நேரம் கிளினிக்கிலேயே உட்கார வைத்து, கசிவு நின்றதைப் பார்த்த பிறகே அனுப்புவோம். (அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் என்ற வேறு வகை ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் பிடுங்குவதற்கு முந்தின நாள், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வர வேண்டும். அது 4-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தாமலேயே ஒரு பல்லை எடுத்துவிட முடியும்.)

சரி, கடிதத்துக்கு வருவோம். பல் டாக்டர் உங்களை அலைக்கழிப்பதாக நினைக்க வேண்டாம். கடிதம் கேட்டவர் பொறுப்பானவர், அவரை விட்டுவிடாதீர்கள். ஆனால் நம் ஊரில் அந்தக் கடிதம் பல நேரம் 'பல் எடுக்கலாம்' என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அதை வைத்து எங்களால் எதுவும் செய்ய முடியாது. ஸ்டென்ட் எந்தத் தேதியில் வைத்தார்கள், எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயம் ரத்தத்தை எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது, இப்போது நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இருக்கிறதா, மாத்திரைகளைத் தொடர வேண்டுமா என்ற நான்கையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி நகல் ஒன்றும் கையில் இருக்கட்டும். மாரடைப்பு வந்து முதல் ஆறு வாரத்துக்கு அவசரமில்லாத பல் வேலை எதையும் தொட மாட்டோம். பழைய வழக்கப்படி ஆறு மாதம் தள்ளிப்போடுவார்கள். அப்பா இரண்டையும் தாண்டிவிட்டார். நெஞ்சில் தொந்தரவு இல்லையென்றால், இதய டாக்டரும் சரி என்றால், இந்தப் பல்லை எடுக்கலாம். ஸ்டென்ட் விவரம் எழுதிய அட்டை ஒன்றைக் கொடுத்திருப்பார்களே, அதையும் எடுத்துப் போங்கள்.

மாத்திரையிலேயே ஓட்டிவிட முடியாதா என்று கேட்டீர்கள். முடியாது. பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக் குழாயும் செத்துப்போய்விட்டன. ரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரையும் போகாது. வெளியே இருக்கும் வீக்கத்தை அது அடக்கிவைக்கும், ஊற்று உள்ளேயே இருக்கும். இரண்டு தடவை வந்தது மூன்றாவது தடவையும் வரும். கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேர் தாடை எலும்புக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது. சீழ் அந்தப் பக்கம் இறங்கினால் நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் பரவி மூச்சுக் குழாயையே நெருக்கிவிடும். 1836-ல் லுட்விக் என்ற ஜெர்மன் டாக்டர் விவரித்த நோய் இது; இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறோம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களிடம் இது வேகமாகப் பரவும். தாடைக்கு அடியில் பலகை போல இறுகிப்போவது, வாயைத் திறக்க முடியாமல் போவது, எச்சிலை விழுங்க முடியாமல் வழிய விடுவது, நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, குரல் மாறுவது — இதில் எது தெரிந்தாலும் நடுராத்திரி என்றாலும் 108-ஐக் கூப்பிட்டு நேராக மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அந்த நேரத்தில் எங்கள் கிளினிக் கதவைத் தட்டிப் பயனில்லை.

வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் என்ன வாங்கிக் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகை என்றால் இனி வேண்டாம். ஏற்கெனவே சாப்பிடும் இரண்டு மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. ஐபுபுரோஃபென் ஆஸ்பிரினின் வேலையையே கெடுத்துவிடும். பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரினைப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்து அடக்கிக்கொள்வது, கிராம்பு எண்ணெயை ஈறு முழுக்கத் தடவுவது இரண்டும் ஈறைப் பொசுக்கிவிடும்.

இப்போது அப்பாவின் பயம். ஊசியைப் பார்த்த பயம், காலை சாப்பிடாத வயிறு, நிமிர்ந்து உட்கார்ந்த நிலை மூன்றும் சேர்ந்தால் ரத்தம் காலுக்கு இறங்கி, மூளைக்குப் போவது ஒரு நிமிடம் குறைந்துவிடும். பல் டாக்டர் நாற்காலியில் நடக்கும் அவசரங்களில் அதிகம் நடப்பது இந்த மயக்கம்தான். நாற்காலியைச் சாய்த்து, காலை உயர்த்தினால் ஓரிரு நிமிடத்தில் கண் விழித்துவிடுவார்கள். அன்று அவருக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அதை மறைக்காமல் பல் டாக்டரிடம் சொல்லுங்கள். சாய்த்துப் படுக்க வைத்தே ஊசி போடுவார்கள். வேலை முடிந்ததும் சட்டென்று எழுந்துவிடக் கூடாது. பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எழுந்த வேகத்தில் பிபி இறங்கி, கீழே விழ வைத்துவிடும். இரண்டு நிமிடம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்து, பிறகு நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு எழுப்புங்கள்.

எனக்கு அதைவிட அதிகக் கவலை தருவது சர்க்கரை இறங்குவதுதான். சில வருடங்களுக்கு முன் என் கிளினிக்குக்கு ஒரு பெரியவர் மகனோடு வந்தார். அன்று முதல் ஆளுக்கே வேலை இழுத்துவிட்டதால் அவரை ஒன்றரை மணி நேரம் காக்க வைத்துவிட்டேன். உள்ளே வந்து படுத்தவர் பேச்சே இல்லாமல் இருந்தார். 'எந்தப் பல்லுங்கய்யா?' என்று கேட்டால் 'பஸ் வந்துடுச்சா' என்கிறார். அப்பா பயத்தில் உளறுகிறார் என்று மகன் நினைத்தார். சட்டையைத் தொட்டேன், முதுகு முழுக்க ஈரம். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 48. பல் பிடுங்க வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். சர்க்கரை மாத்திரையை மட்டும் தண்ணீரில் விழுங்கிவிட்டு வந்திருக்கிறார். நல்ல வேளை, விழுங்கும் நிலையில் இருந்தார். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம். 15 நிமிடம் கழித்துப் பார்த்தபோது 80-ஐத் தாண்டியிருந்தது. அவரே எழுந்து, 'தம்பி, பல்லை எடுத்தாச்சா?' என்று கேட்டார். அன்றைக்கு எடுக்கவில்லை, டிபன் வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். காக்க வைத்தவன் நான். உள்ளே கூப்பிடும்போது கேட்க வேண்டிய 'சாப்பிட்டீங்களா?' என்ற ஒரு கேள்வியை வாசலிலேயே கேட்டிருக்க வேண்டும். இப்போது வாசலில் இருக்கும் பெண்ணே அதைக் கேட்டுவிட்டுத்தான் பெயரை எழுதுகிறார்.

உங்கள் அப்பா விஷயத்தில் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. சர்க்கரை இறங்கினால் படபடப்பும் கை நடுக்கமும் வந்து எச்சரிக்கும். பிபிக்கும் இதயத்துக்கும் அவர் சாப்பிடும் மெட்டோபுரோலால் அந்தப் படபடப்பையும் நடுக்கத்தையும் அமுக்கிவிடும். வியர்வையை அமுக்காது. அதனால் அப்பாவுக்குச் சில்லென்று வியர்த்து, பேச்சு தடுமாறினால், பயம் என்று விட்டுவிடாமல் உடனே சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். 70-க்குக் கீழே என்றால், நினைவோடு இருந்தால், 3 டீஸ்பூன் குளுக்கோஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லை என்றால் வாயில் ஒரு சொட்டுக் கூட ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். நரம்பு வழியாகத்தான் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும்.

ஆகவே காலை நேரமாகப் பார்த்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். எப்போதும் போல டிபன், எப்போதும் போல எல்லா மாத்திரையும். முதல் ஆளாகக் கூப்பிடச் சொல்லுங்கள். மாத்திரைகளின் பெயரை எழுதிக்கொண்டு போவதைவிட அட்டைகளையே ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது நல்லது. அன்று காலை பிபி மேல் அளவு 180-ஐயோ கீழ் அளவு 110-ஐயோ தொட்டால் பல்லை எடுக்காமல் திருப்பி அனுப்புவார்கள். ஏமாற்றமாக இருக்கும், சண்டை போடாதீர்கள்.

மரத்துப்போகும் ஊசியில் அட்ரினலின் இருக்கிறதே, இதயத்துக்கு ஆகுமா என்று சிலர் பயந்து, அட்ரினலினே கலக்காத ஊசி கேட்கிறார்கள். நம் கிளினிக்குகளில் அதிகம் இருப்பது 80,000-ல் ஒரு பங்கு அட்ரினலின் கலந்த லிக்னோகெயின். இதய நோயாளிகளுக்கு மொத்த அட்ரினலின் 0.04 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நாங்கள் வைத்துக்கொள்ளும் எல்லை. அந்த மருந்தில் அது சுமார் 3 மில்லி. ஒரு கீழ்ப் பல்லுக்கு வழக்கமாக அதற்குள்ளேயே முடிந்துவிடும். சரியாக மரக்காமல் பல்லை அசைத்தால் வலியில் உடம்பே சுரக்கும் அட்ரினலின் அதைவிட அதிகம். ஊசி ரத்தக் குழாய்க்குள் போய்விடவில்லையே என்று பின்னால் இழுத்துப் பார்த்து, மெதுவாகப் போடுவதுதான் முக்கியம்.

நாற்காலியிலேயே நெஞ்சு வலித்தால்? டாக்டர் கையில் இருப்பதை நிறுத்திவிட்டு, வாயில் இருக்கும் பஞ்சையும் கருவிகளையும் எடுத்துவிடுவார். மயக்கத்துக்குப் படுக்க வைப்போம், நெஞ்சுவலிக்கு நிமிர்த்தி உட்கார வைப்போம். இரண்டையும் மாற்றிச் செய்துவிடக் கூடாது. பிபியைப் பார்த்து, அது குறைவாக இல்லை என்றால் ரத்தக் குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் 5 மில்லிகிராம் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைப்பார். இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில், டாடாலாஃபில் மாத்திரைகளை முந்தின ஓரிரு நாளில் சாப்பிட்டவருக்குச் சார்பிட்ரேட் கொடுத்தால் பிபி அதல பாதாளத்துக்குப் போய்விடும். மகளிடம் எந்த அப்பாவும் இதைச் சொல்ல மாட்டார். அதனால் டாக்டர் அவரைத் தனியாகப் பேச உள்ளே அழைத்தால் நீங்கள் வெளியே காத்திருங்கள். 5 நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் மாரடைப்பு என்றே வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிட்டு, ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை மென்று விழுங்கச் சொல்வார்கள். மூச்சும் நாடியும் நின்றால் தரையிலோ விறைப்பான இடத்திலோ வைத்து நெஞ்சை அழுத்தத் தொடங்குவார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல், வெறும் வியர்வையும் மூச்சுத் திணறலுமாக வரலாம். சில நேரம் தாடை வலியாகவே வரும். படியேறும்போது தாடை வலித்து, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது என்று அப்பா எப்போதாவது சொன்னால் அது பல் இல்லை. பல் டாக்டரிடம் வராமல் இதய டாக்டரிடம் போங்கள்.

கிளினிக்கில் பிபி மெஷின், சர்க்கரை பார்க்கும் மெஷின், ஆக்சிஜன், அட்ரினலின் ஊசி, சார்பிட்ரேட், ஆஸ்பிரின், குளுக்கோஸ், ஆஸ்துமாவுக்கான சல்பூட்டமால் பம்ப் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நான் என் நோயாளிகளிடமே கேட்கச் சொல்கிறேன். தயங்கித் தயங்கிப் பதில் வந்தாலோ, எக்கோவில் இதயம் பலவீனம் என்று வந்தாலோ, தனிக் கிளினிக்கில் வேண்டாம். உங்களுக்குச் சிதம்பரம் பக்கம்தான். அண்ணாமலை நகரில் பல் மருத்துவக் கல்லூரியும் பெரிய மருத்துவமனையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் ஏதாவது ஆனால் அடுத்ததற்கு நிமிடங்களில் கொண்டுபோய்விடலாம்.

இதே மாதிரி எழுதிய மற்ற சிலருக்கும் இங்கேயே இரண்டு வார்த்தை. டயாலிசிஸ் செய்கிறவர்கள், அதற்கு மறுநாள் பல் எடுக்க வாருங்கள். அன்றைக்கே வந்தால், ரத்தம் உறையாமலிருக்க டயாலிசிஸில் கொடுக்கும் ஹெபாரின் உடம்பில் மிச்சம் இருக்கும். வலிப்பு உள்ளவருக்கு நாற்காலியில் வலிப்பு வந்தால் கையில் சாவியும் வேண்டாம், பல்லுக்கு நடுவில் கரண்டியும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 5 நிமிடத்தில் நிற்காவிட்டால் ஆம்புலன்ஸ். செயற்கை வால்வு வைத்தவர்கள் பல் பிடுங்குவதற்கு முன் ஒரு வேளை ஆன்டிபயாட்டிக் சாப்பிட வேண்டும். ஸ்டென்டுக்கு மட்டும் அது தேவையில்லை. எலும்பு தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ ஜோலெட்ரோனிக் ஆசிட் ஊசி போட்டவர்கள், அதைச் சொல்லாமல் பல்லைப் பிடுங்கிக்கொள்ளவே கூடாது. தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

பல் எடுத்த அன்று அப்பாவுக்கு ஆறிய இட்லி, தயிர் சாதம், ரசம் சாதம் கொடுங்கள். உறிஞ்சிக் குடிப்பது, காறித் துப்புவது, வாய் கொப்பளிப்பது மூன்றும் அன்றைக்கு வேண்டாம். எச்சிலில் லேசாகச் சிவப்பு கலந்து வந்தால் பயப்பட வேண்டியதில்லை. வாய் நிறைய ரத்தம் ஊறினால், சுத்தமான துணியை ஈரப்படுத்தி மடித்து, குழியின்மேல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம் கடிக்கச் சொல்லுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். அதற்கும் நிற்காவிட்டால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள், அவர் எடுக்காவிட்டால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அன்று ராத்திரி வலியில் சாப்பாடு பாதிதான் இறங்கியது என்றால், ராத்திரி சர்க்கரை மாத்திரையை எவ்வளவு கொடுப்பது என்று சர்க்கரை டாக்டரிடம் முன்னாலேயே கேட்டு வைத்திருங்கள். படுக்கப் போகும் முன் ஒரு தடவை விரலில் குத்திப் பாருங்கள். ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் மறுநாள் வழக்கமான நேரத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.